சித்தி பேசக் கூடாது

சித்தி செய்த இயந்திரத்தை யார் வேண்டுமானாலும் சுலபமாகப் பயன்படுத்தலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். சித்தி பக்கத்தில் நிற்க வேண்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் பட்டாணி. பட்டாணி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பிறந்தபோது சின்னதாக, உருண்டையாக இருந்தாள் என்று சித்தி வைத்த பட்டப்பெயர். இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், உருண்டையாகவும் இல்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தாள். அவள் பார்க்கும் வேலைக்குப் பயனர் அனுபவ வடிவமைப்பு என்று பெயர். வகுப்பில் ஒருநாள், வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஆசிரியை கேட்டபோது பட்டாணி இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அப்படின்னா என்னம்மா?" என்று ஆசிரியை கேட்டார்.

பட்டாணி கொஞ்சம் யோசித்தாள். "பட்டனை எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறது, டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அதுக்கெல்லாம் ஒரு வேலையா என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டாணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

விஷயத்தைக் கேட்ட சித்திக்குக் கோபமே வரவில்லை. பட்டாணியைக் கூடத்துச் சுவிட்ச் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். "எங்க, விளக்கைப் போடு பார்க்கலாம்."

பட்டாணி ஒரு சுவிட்சைத் தட்டினாள். மின்விசிறி சுற்றியது. இன்னொன்றைத் தட்டினாள். வாசல் விளக்கு எரிந்தது. அடுத்ததைத் தட்டினாள். எதுவுமே நடக்கவில்லை. கடைசியில் இருந்ததுதான் கூடத்து விளக்கு.

"பொறந்ததுல இருந்து இந்த வீட்டுலதான் இருக்க. உனக்கே எது எதுன்னு தெரியல. தப்பு ஆள் மேலயா, பலகை மேலயா?"

"பலகை மேலதான்!"

"அவ்வளவுதான் என் வேலை. தப்பை ஆள் மேல போடாம பார்த்துக்கிறது."

அன்றைக்குப் பட்டாணிக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. சித்திக்கும் பிடித்திருந்தது. சொல்வது சுலபம் அல்லவா?

இப்போது இயந்திரத்துக்கு வருவோம்.

தெரு முனையில் விலங்குகளுக்கான மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே தினமும் சண்டை. நாயும் பூனையும் போட்ட சண்டை இல்லை. அவற்றைத் தூக்கி வந்தவர்கள் போட்ட சண்டை. நான்தான் முதலில் வந்தேன் என்று ஒருவர் சொல்வார். நான் முதலில் வந்துவிட்டுச் சும்மா வெளியே போனேன் என்று இன்னொருவர் சொல்வார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டாக்டர், வருகிறவர்களுக்கு வரிசை எண் கொடுக்க ஒரு இயந்திரம் செய்து தரச் சொல்லிச் சித்தியிடம் கேட்டார்.

சித்திக்கு அது பெரிய விஷயம். அதற்கு முன்னால் ஒரு நூலகத்துக்கு அவள் செய்து கொடுத்த இயந்திரத்தை யாரும் தொடுவதே இல்லை. மழைக்காலத்தில் அதன் மேல் குடைகளைத் தொங்கவிடுகிறார்கள் என்று கேள்வி. ஒருநாள் சாப்பிடும்போது சித்தி அம்மாவிடம் சொன்னாள்.

"இதுவும் சரியா வரலன்னா, அந்தத் தூரத்து ஊர் கம்பெனி வேலைக்கே போயிடுறேன்கா. சனிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க."

பட்டாணிக்குச் சோறு இறங்கவில்லை. மாடி அறையில் சித்தி இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் அந்த இயந்திரம் நல்லபடியாக வேலை செய்ய வேண்டும் என்று சித்தியைவிட அவள்தான் அதிகமாக ஆசைப்பட்டாள்.

இயந்திரம் கூடத்தில் வந்து நின்றது. ஆள் உயரப் பெட்டி. நெஞ்சளவில் ஒரு தொடுதிரை. திரை முழுக்க அழகான நீல நிறம். நடுவில் வெள்ளையாக ஒரு பூனைப் பாதம்.

"இப்ப சோதனை," என்றாள் சித்தி. "இதுக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாரும் உதவி செய்யக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எப்படித் தனியா செய்வாங்களோ, அப்படியே செய்யணும். நாம சும்மா பார்த்துக்கிட்டு இருக்கணும்."

முதலில் அம்மா வந்து நின்றாள். நீலத் திரையைப் பார்த்தாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"எதுவும் சொல்ல மாட்டேன்கா," என்றாள் சித்தி. சொல்லிக்கொண்டே பூனைப் பாதத்தையே உற்றுப் பார்த்தாள்.

அம்மா சித்தியின் கண் போன இடத்தைப் பார்த்தாள். பாதத்தைத் தொட்டாள். செல்லப்பிராணியின் பெயர் என்ன, உரிமையாளர் பெயர் என்ன, எந்த இனம், எத்தனை வயது என்று திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. அம்மா எங்காவது தயங்கினால் சித்தியின் தாடை லேசாக அந்தப் பக்கம் அசைந்தது. முடிவில் சின்ன சீட்டு ஒன்று வெளியே வந்தது.

"அட, ரொம்பச் சுலபமா இருக்கே!" என்றாள் அம்மா.

அடுத்து வந்தவர் பக்கத்து வீட்டு வங்கிக்காரர். அவர் விரல் தப்பான இடத்துக்குப் போனபோதெல்லாம் சித்திக்கு இருமல் வந்தது. விரல் சரியான இடத்துக்குப் போனதும் நின்றுவிட்டது. "எங்க பேங்க்குக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி சந்தோஷத்தில் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

பட்டாணி மட்டும் சோபாவில் உட்கார்ந்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நீதான் சொல்லிக் குடுத்த."

"நானா? நான் வாயே திறக்கலியே!"

"வாயைத் திறக்கல. கண்ணால காட்டுன. தாடையால காட்டுன. அப்புறம் இருமுன."

"சும்மா இரு. எனக்குத் தொண்டை சரியில்ல."

"சரி. அடுத்த ஆளுக்கு நான் சொல்ற மாதிரி செய்வியா?"

பட்டாணி சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள். சித்தி தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. வருகிறவருக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். அப்போது கண்ணும் தாடையும் அவருக்குத் தெரியாது. சித்தி சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். தன் இயந்திரத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்து வந்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்திருந்தார். நீலத் திரைக்கு முன்னால் நின்று பார்த்தார். கொஞ்சம் குனிந்து பார்த்தார். பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, கதவைத் தட்டுவதுபோலப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது இன்னும் ஆன் ஆகலன்னு நினைக்கிறேன்," என்றார்.

சித்தியின் கன்னங்கள் உப்பின. தையல்காரர் பெட்டியின் ஓரத்தில் சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். சித்தியின் முகம் சிவந்தது. தையல்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன் என்பதுபோல நின்றார்.

"பாதத்தைத் தொடுங்க!" என்று கத்தினாள் சித்தி.

கத்தினாளா, குடம் உடைந்ததா என்று சொல்வது கஷ்டம். வாயிலிருந்த தண்ணீர் முழுக்கத் தையல்காரரின் முதுகில் விழுந்தது. அவர் மெதுவாகத் திரும்பிக் கூரையைப் பார்த்தார்.

"ஒழுகுதா?" என்று கேட்டார்.

அவர் துடைத்துக்கொண்டு போன பிறகு சித்தி சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அவருக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல. நாளைக்கு வேற ஆளைக் கூப்பிடலாம்."

"சித்தி," என்றாள் பட்டாணி. "தப்பு ஆள் மேலயா, பலகை மேலயா?"

சித்தி எழுந்து மாடிக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மா பட்டாணியைப் பார்த்தாள். "உனக்கு வாய் ஜாஸ்தி," என்றாள். திட்டவில்லை, சும்மாதான் சொன்னாள். ஆனால் பட்டாணி, தானே சித்தியை அந்தத் தூரத்து ஊருக்கு அனுப்பி வைக்கிறோமோ என்று பயந்தாள். பேசாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். பிறகு இன்னொன்றும் தோன்றியது. மருத்துவமனைக்கு வருகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று இருமிக்கொண்டே இருக்கச் சித்தியால் முடியுமா?

மறுநாள் சித்தி தானாகவே வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டாள். வங்கிக்காரரின் மகனைக் கூப்பிட்டிருந்தாள். அவன் கல்லூரியில் கணினிதான் படிக்கிறான். நீலத் திரையைப் பார்த்ததும், "லோட் ஆகுதா?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து கைப்பேசியை எடுத்து வேறு எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். பாதத்தைத் தொடவே இல்லை.

சித்தி தண்ணீரை விழுங்கினாள். அவன் போனதும் பட்டாணியிடம் வந்தாள்.

"பலகை மேலதான் தப்பு," என்றாள்.

அன்றே பாதத்தை எடுத்துவிட்டு, 'தொடங்கு' என்று பெரிய பட்டன் ஒன்றை வைத்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பட்டாணிக்கு மட்டும் இன்னும் ஒரு சந்தேகம்.

"சித்தி, இது யாருக்கு?"

"இது என்ன கேள்வி? ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு."

"அவங்களை நீ பார்த்தியா?"

"டாக்டர்கிட்ட போன்ல நிறைய நேரம் பேசினேன். பேரு, இனம், வயசு எல்லாம் வேணும்னு அவங்கதான் சொன்னாங்க."

"அவங்க டாக்டர். நான் கேக்கிறது நாய் கொண்டு வர்றவங்களை."

சித்தி மூக்கைச் சொறிந்தாள். பூனை முடி காற்றில் பறந்து வந்தாலே போதும், அவளுக்குத் தும்மல் நிற்காது. அதனால் அந்த மருத்துவமனைக்குள் அவள் காலெடுத்து வைத்ததே இல்லை. பூனைகளுக்காக ஒரு இயந்திரம் செய்தவள் பூனை இருக்கும் இடத்துப் பக்கமே போகவில்லை. இதை வெளியே சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றாள் பட்டாணி.

தையல்காரர் வளர்த்த பூனைக்குக் காதில் புண். அன்று மாலை மருந்து போட வேண்டும். பட்டாணி கூட வருகிறேன் என்றதும் அவர் யோசிக்கவே இல்லை. "வா, வா. கூடையை ஒரு பக்கம் பிடிச்சுக்கோ. தண்ணி மட்டும் மேல ஊத்தாம இருந்தா சரி," என்றார்.

மருத்துவமனையின் காத்திருப்பு அறை சின்னது. இரண்டு பக்கமும் நீள பெஞ்சு. தரையில் ஈரத் துணியால் துடைத்த வாடை. பட்டாணி மூலையில் உட்கார்ந்து வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு அக்கா நாய்ச் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். நாய் ஒரு பக்கம் இழுக்க, அவள் மறு பக்கம் இழுத்தாள். இன்னொரு கையில் குடை. ஒருவர் பெரிய கூண்டைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு கிளி, அவரைத் தவிர எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையன் சட்டைக்குள் முயலை விட்டு, வெளியே குதித்துவிடாமல் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தான்.

வந்த எல்லோரும் வாசலில் நின்ற காவலாளியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"எனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க?"

காவலாளி ஒவ்வொருவருக்கும் எண்ணி எண்ணிச் சொன்னார். எண்ணி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். அவர் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

அப்போது ஒரு பெண் ஓடி வந்தாள். அவள் கையிலிருந்த துண்டுக்குள் ஒரு நாய்க்குட்டி. ஏதோ வண்டி இடித்திருந்தது. துண்டில் ரத்தம்.

"வரிசையில வாங்கம்மா," என்றார் ஒருவர். "அவங்களை உள்ள விடுங்க, பார்த்தா தெரியலையா?" என்றார் இன்னொருவர். "எல்லாருக்கும்தான் அவசரம்," என்றார் மூன்றாமவர். குரல்கள் உயர்ந்தன. நாய்கள் குரைத்தன. கிளி தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னது. கடைசியில் காவலாளியே அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

பட்டாணி, அந்தப் பெண் சித்தியின் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். செல்லப்பிராணியின் பெயர் என்ன? எந்த இனம்? எத்தனை வயது? ரத்தம் சொட்டச் சொட்ட அவள் எதை, எந்தக் கையால் தட்டுவாள்?

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடினாள்.

"சித்தி, அங்க வர்ற யாருக்கும் கையே இல்ல!"

"கை இல்லையா?" சித்தி பயந்துவிட்டாள்.

"இருக்கு. ஆனா காலியா இல்ல."

பட்டாணி பார்த்ததை எல்லாம் சொன்னாள். கிளி திட்டியதைச் சொல்லும்போது சித்தி சிரித்தாள். நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது. விரல் நகத்தைக் கடித்தாள்.

"டாக்டருக்கு என்ன வேணும்னு கேட்டேன். வர்றவங்களுக்கு என்ன வேணும்னு கேக்கவே இல்ல," என்றாள். "சரி, நீ சொல்லு. அவங்களுக்கு என்ன வேணும்?"

"முன்னாடி எத்தனை பேர்னு தெரியணும். ரொம்ப அவசரம்னா முன்னாடி போகணும். அவ்வளவுதான்."

"அப்ப பேரு, இனம், வயசு?"

"அதை டாக்டர் உள்ள கேக்கத்தானே போறாங்க?"

சித்தி கணினியைத் திறக்கவில்லை. பரணிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியையும், பட்டாணியின் ஓவியத் தாள்களையும், பசையையும் கொண்டு வந்து கூடத்துத் தரையில் பரப்பினாள்.

"எதுக்குக் காகிதம்?" என்று கேட்டாள் பட்டாணி.

"கம்ப்யூட்டர்ல பார்த்துப் பார்த்துச் செஞ்சுட்டா அழிக்க மனசு வராது. காகிதம்னா கிழிச்சுப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்."

அட்டைப்பெட்டியில் சதுரமாக ஒரு சன்னல் வெட்டினார்கள். அதுதான் திரை. தாளில் நாய், பூனை, பறவை, மற்றவை என்று படங்கள் வரைந்தார்கள். அடியில் சிவப்பாக ஒரு பட்டை. அதில் 'மிக அவசரம்'. பட்டாணி பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள். வெளியே யாராவது படத்தைத் தொட்டால், உள்ளேயிருந்து அவள் தாளை மாற்றி, ஒரு சீட்டை நீட்டுவாள். அதாவது, அன்றைக்குக் கணினியாக வேலை பார்த்தவள் பட்டாணிதான்.

அம்மாவின் கையில் ஒரு தலையணையைக் கொடுத்தார்கள். அதுதான் நாய். அம்மா தலையணையை அணைத்துக்கொண்டு முழங்கையால் படத்தைத் தொட்டாள். சீட்டு வந்தது.

"இது ரொம்ப நல்ல நாய்," என்றாள் பட்டாணி பெட்டிக்குள்ளிருந்து. "இப்படி ஒரு நாயை நான் அங்க பார்க்கல."

அது உண்மைதான். தலையணை திமிறாது, கத்தாது, நகத்தால் பிராண்டாது. ஆகவே தையல்காரரையும் அவருடைய பூனையையும் கூப்பிட்டார்கள். சித்தி வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். தையல்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே நின்றார்.

பூனை பெட்டியைப் பார்த்ததும் திமிறியது. தையல்காரர் முழங்கையை நீட்டினார். முழங்கை பூனைப் படத்தையும் பறவைப் படத்தையும் சேர்த்துத் தொட்டது. பட்டாணி எந்தத் தாளைக் காட்டுவது என்று தெரியாமல் விழித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பூனை முடி காற்றில் மிதந்து போய்ச் சித்தியின் மூக்கில் உட்கார்ந்தது.

அந்தத் தும்மலைப் பற்றி அம்மா பல நாள் பேசினாள். காகித நாயின் சாயம் கரைந்து, பூனைக்கு மேல் ஓடி, சிவப்புப் பட்டையில் போய் நின்றது.

"பரவாயில்ல," என்றாள் சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "காகிதம்தானே?"

படங்களை இன்னும் பெரிதாக, தள்ளித் தள்ளி வரைந்தார்கள். முழங்கைக்கு எட்டும்படி திரையைக் கீழே இறக்கினார்கள். அடுத்த சோதனையைச் சித்தி கூடத்துச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். அங்கிருந்து இருமினாலும் கேட்காது, பூனை முடியும் வராது. தையல்காரர் முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். சீட்டு கைக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தி மௌனமாகக் குதித்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அதை உண்மையான இயந்திரத்துக்குள் கொண்டு வருவதில் போனது. சனிக்கிழமை காலை இயந்திரம் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், வாசலை ஒட்டி நின்றது. டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"பேரு, இனம், வயசு எல்லாம் கேக்கச் சொன்னேனே. எங்க?"

"அதை நீங்க உள்ள கேட்டுக்கணும், டாக்டர்," என்றாள் சித்தி. "வாசல்ல அவங்களால முடியாது. கையில பிராணி இருக்கும்."

"நான் கேட்டதைச் செய்யல. கேக்காததைச் செஞ்சிருக்கீங்க." டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, காலையில வர்றவங்களை வச்சுப் பார்ப்போம். சரிப்படலன்னா மத்தியானம் எடுத்துட்டுப் போயிடுங்க."

சித்தி தெருவில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். பட்டாணி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் தன் அறை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தவர் கிளிக்காரர். கூண்டைத் தூக்கிக்கொண்டு நேராக இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். கூண்டுதான் அவருக்குத் திரையை மறைத்தது.

பட்டாணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். பறவை என்று சொன்னால் போதும். ஒரு இருமல்கூடப் போதும். இந்த ஒருவர் தப்பு செய்தால் சித்தி ஊரைவிட்டே போய்விடுவாள். சொல்லிவிடலாமா? சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அடுத்து வருகிறவருக்கு யார் சொல்வார்கள்? பட்டாணி உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கிளிக்காரர் ஒரு அடி பின்னால் வந்தார். திரையைப் பார்த்தார். கூண்டைச் சாய்த்து, அதன் மூலையாலேயே பறவைப் படத்தை இடித்தார். சீட்டு வந்தது. அதைப் பல்லால் கவ்விக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

பட்டாணி மூச்சை விட்டாள். கூண்டு மூலையை அவளும் நினைக்கவில்லை, சித்தியும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு குடைக்கார அக்கா முழங்கையால் தட்டினாள். முயல் பையன் தோளால் தட்டினான். சீட்டில் அவரவர் எண்ணும், முன்னால் எத்தனை பேர் என்பதும் இருந்தன. காவலாளி எண்ணுவதை நிறுத்திவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. ஒருவர் போர்வையில் சுருட்டிய பூனையோடு ஓடி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். ஓடிவந்த வேகத்திலேயே அவருடைய முழங்கை சிவப்புப் பட்டையில் பட்டது. உள்ளே மணி அடித்தது. உதவியாளர் வெளியே ஓடி வந்து பூனையை வாங்கிக்கொண்டார். டாக்டரும் பின்னாலேயே போனார். இயந்திரத்தோடு இணைத்துச் சுவரில் மாட்டியிருந்த பலகையில் 'அவசரம்: முதலில்' என்று சிவப்பாக ஒளிர்ந்தது. பெஞ்சிலிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கால்களை மடக்கி வழி விட்டார்கள்.

அவர் வெளியே வரும்போது பூனையின் காலில் வெள்ளைக் கட்டு இருந்தது. அது களைப்பாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே அவரோடு வாசல் வரை வந்தார்.

"பயப்படாதீங்க, பூனை நல்லா நடந்துடும். ஆமா, புது மெஷின் எப்படி இருந்துச்சு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இயந்திரம் அவருக்குப் பக்கத்திலேயே, ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

"எந்த மெஷின்?" என்று கேட்டார்.

பட்டாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை இந்த மனிதர் பார்க்கவே இல்லையே! திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்ற சித்திக்கும் அது காதில் விழுந்திருந்தது. அவள் முகம் வாடியிருக்கும் என்று பயந்துகொண்டே பட்டாணி திரும்பிப் பார்த்தாள்.

சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள்.

டாக்டர் அந்த மனிதரைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். தான் தொட்டதே தெரியாமல் அவர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பிறகு டாக்டருக்கும் புரிந்தது.

"இங்கயே இருக்கட்டும்," என்று சித்தியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பட்டாணி வெளியே ஓடினாள். சித்தி கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள். "இல்லைங்க, நான் வரல. மன்னிச்சுக்கோங்க. எனக்கு இங்க வேலை இருக்கு," என்று அந்தத் தூரத்து ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டாணி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அழுகை வந்தது. எதற்கு இப்போது அழ வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். முயல் பையன் எழுந்து போனான். நான்தான் முதலில் வந்தேன் என்று யாரும் சொல்லவில்லை.